ஒளிமிகு குவாசர்: எக்ஸ் கதிர் டேட்டாவா, புற ஊதா டேட்டாவா?

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குக் குவாசர் (தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி) எடுப்பது என்று முடிவு செய்துவிட்டு, எந்த டேட்டாவில் வேலை செய்வது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தர்மபுரியில் படித்தாலும் கிருஷ்ணகிரியில் படித்தாலும் கையில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு சுமாரான லேப்டாப், போனிலிருந்து ஹாட்ஸ்பாட், மூன்று நான்கு மாத அவகாசம், வானியல் தன் துறை இல்லை என்றாலும் தடுக்காத ஒரு கைடு. இந்த நிலைமையில் எது தேறும் என்பதுதான் கேள்வி. வசதி உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

முதலில் காவலூரை ஒதுக்கிவிடுவோம். திருப்பத்தூர் போய் ஆலங்காயம் வழியாக ஏறினால் ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அதில் பார்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எக்ஸ் கதிர் ஒரு துளிகூடத் தரைக்கு வராது. வளிமண்டலம் மொத்தமாகக் குடித்துவிடும். புற ஊதாவையும் ஓசோனும் ஆக்சிஜனும் தடுத்துவிடுகின்றன. இரண்டுக்குமே விண்ணில் சுற்றும் தொலைநோக்கிதான் வேண்டும். அவற்றின் பழைய பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன என்பதால்தான் நம் ஊரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடிகிறது. மழைமேகமும் அதைக் கெடுக்காது.

எந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தேர்வு செய்ய முடியாது. குவாசரின் நடுவில் பெருங்கருந்துளை. அதற்குள் விழப்போகும் வாயு வட்டாகச் சுழன்று, உரசிச் சூடேறி ஒளிர்கிறது. கருந்துளை பெருக்கப் பெருக்க வட்டின் சூடு குறையும் என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் கணக்கு எளிது: மற்றவை சமமாக இருந்தால் வெப்பநிலை, நிறையின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகிறது. பத்து சூரிய நிறையுள்ள கருந்துளையின் வட்டு ஒரு கோடி கெல்வினை ஒட்டி எக்ஸ் கதிரிலேயே ஒளிரும். நிறை நூறு கோடி சூரியன் என்றால் பத்து கோடி மடங்கு கூடுகிறது. அதன் நான்காம் மூலம் நூறு. வெப்பம் ஒரு லட்சம் கெல்வினுக்கு இறங்கிவிடும். அதாவது புற ஊதா. குவாசரின் பெரும்பங்கு ஆற்றல் அங்கேதான் வெளியேறுகிறது.

அப்படியானால் எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? வட்டுக்கு மேலே, கருந்துளையை ஒட்டி, நூறு கோடி கெல்வின் அளவில் கொதிக்கும் எலக்ட்ரான் கூட்டம் ஒன்று இருக்கிறது. கொரோனா என்பார்கள். வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதாப் போட்டான்கள் அந்த எலக்ட்ரான்களில் மோதி ஆற்றலை வாங்கிக்கொண்டு எக்ஸ் கதிராக வெளியேறுகின்றன. ஆக, எக்ஸ் கதிர் என்பது புற ஊதாவிலிருந்து பிறந்த இரண்டாம் தலைமுறை. ஒன்றை மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் கிடைக்கும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது 'ஒளிமிகு' என்ற சொல்லுக்கு வருவோம். தலைப்பில் இதைப் போட்டுவிட்டு யோசிக்காமல் போகிறவர்கள் அதிகம். குவாசர் பிரகாசமானால் எக்ஸ் கதிரும் அதே அளவு கூடும் என்று நினைத்துவிடுகிறோம். கூடாது. புற ஊதா பத்து மடங்கு ஏறினால் எக்ஸ் கதிர் சுமார் நான்கு மடங்குதான் ஏறுகிறது. மடக்கை அளவில் சாய்வு 0.6. இந்த உறவு எவ்வளவு உறுதியானது என்றால், ரிசாலிட்டி, லுஸ்ஸோ என்ற வானியலாளர்கள் இருவரும் 2015-ல் இதை வைத்தே குவாசர்களின் தொலைவை அளந்து, பிரபஞ்ச விரிவாக்க வரைபடம் போட்டுக் காட்டினார்கள். 2500 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் புற ஊதாவுக்கும் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிருக்கும் இடையிலான சாய்வை ஆல்பா-ஓஎக்ஸ் என்று குறிக்கிறார்கள். சாதாரண செயல்படு கருவில் (குவாசர் அளவுக்குப் பிரகாசமில்லாத, இதே வகை விண்மீன் மண்டல மையத்தில்) அது −1.4 அளவில் இருக்கும், ஒளிமிகு குவாசரில் −1.7 வரை இறங்கும். சின்ன வித்தியாசம் போலத் தெரிகிறது. கழித்தல் குறியை விட்டுவிட்டு 0.3838 ஆல் வகுத்துப் பத்தின் அடுக்காக்கிப் பாருங்கள்: முதலாவதில் புற ஊதா, எக்ஸ் கதிரைவிட நாலாயிரத்துச் சொச்சம் மடங்கு, இரண்டாவதில் இருபத்தேழாயிரம் மடங்கு. அதிர்வெண் ஒன்றுக்கான அளவு இது, மொத்த ஆற்றல் அல்ல. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. குவாசர் எவ்வளவு பெரியதோ, எக்ஸ் கதிரில் அவ்வளவு பஞ்சம்.

இதைக் கேட்டதும் "அப்போ புற ஊதாவே எடுத்துடலாமே சார்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போட்டான் நிறைய வருவது ஒன்று, வந்த போட்டானிலிருந்து என்ன தெரிகிறது என்பது வேறு.

எக்ஸ் கதிர் டிடெக்டர் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி: யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் தனித்தனி. வடிகட்டி போட்டு எடுக்கும் புற ஊதாப் படம் கோயில் உண்டியல்: கடைசியில் மொத்தம்தான் தெரியும். எக்ஸ் கதிர்ப் பதிவில் ஒவ்வொரு போட்டானின் ஆற்றலும் வந்த நேரமும் இருப்பதால், ஒரே கோப்பிலிருந்து படம், நிறமாலை, நேர மாற்றம் மூன்றையும் நீங்களே பிரித்தெடுக்கலாம். நிறமாலைக்கு மாடல் பொருத்தலாம், சாய்வு கண்டுபிடிக்கலாம் (ஜெட், அதாவது கருந்துளை அருகிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரை, இல்லாத குவாசரில் போட்டான் குறியீடு 1.9-ஐச் சுற்றி வரும்), இடையிலுள்ள வாயு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கலாம், 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்புக் கோடு தெரிகிறதா என்று தேடலாம். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஐந்து அத்தியாயம் எழுத விஷயம் இருக்கிறது. புற ஊதாப் படத்திலிருந்து கிடைப்பது வடிகட்டிக்கு ஒரு எண். மூன்று வடிகட்டி என்றால் மூன்று எண். அதை மட்டும் வைத்து வைவாவில் உட்கார்ந்தால் கஷ்டம்.

புற ஊதா நிறமாலை கதையே வேறு. ஹப்பிளில் 2009-ல் பொருத்திய காஸ் கருவி நொடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலத்தின் பிஎன் கேமராவோ இரும்புக் கோட்டருகே 150 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் பிரிக்கும். வேகக் கணக்குக்கு மாற்றினால் நொடிக்கு 7,000 கிலோமீட்டர். நானூறு மடங்கு மொண்ணை. 2023-ல் ஏவிய எக்ஸ்ரிசம் என்ற எக்ஸ் கதிர் விண்கலம் அதை 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது என்றாலும், அந்த டேட்டா முதல் புராஜெக்ட்டுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. கோடுகளின் நுணுக்கம்தான் உங்கள் ஆசை என்றால் ஹப்பிளை மிஞ்ச ஆள் இல்லை.

எந்தக் குவாசர் என்பதைப் பொறுத்தும் தராசு சாயும். பெரும்பாலோர் முதலில் சொல்வது 3சி 273. காரணம் புரிகிறது. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் செந்நகர்வு (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 0.158 என்று கண்டு திகைத்தது இதில்தான். குவாசர் என்ற இனமே அப்போதுதான் பிடிபட்டது. ஒளி நம்மிடம் வர ஏறக்குறைய 200 கோடி ஆண்டு ஆகிறது, ஆனாலும் 12.9 மேக்னிட்யூட் பொலிவு (இந்த எண் கூடக் கூட ஒளி மங்கும்). ஏப்ரல் இரவில் நம் ஊர் வானில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே கன்னி ராசியில் நிற்கும்; எட்டு அங்குலத் தொலைநோக்கியில் புள்ளியாகப் பார்த்துவிடலாம். இந்தத் திசையில் நம் பால்வீதியின் தூசும் மிகக் குறைவு. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளை ஒன்றோடொன்று சரிபார்க்க இதையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால் டேட்டா மலை போலக் கிடக்கிறது.

எல்லாம் சரி, அதில் ஜெட் இருக்கிறது. எக்ஸ் கதிரில் எவ்வளவு கொரோனாவுடையது, எவ்வளவு ஜெட்டுடையது என்று பிரிப்பதற்கே ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். மேலே சொன்ன வட்டு-கொரோனா உறவைச் சோதிக்க இது சரியான ஆள் இல்லை. போட்டான்கள் அளவுக்கு மீறிக் குவிந்து, இரண்டை ஒன்றாக டிடெக்டர் எண்ணிவிடும் தொல்லையும் பிரகாசமான மூலங்களில் உண்டு. 3சி 273 எடுத்தால் புற ஊதாவை முதன்மையாக வையுங்கள், அல்லது ஜெட்டையே தலைப்பாக்கிக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு பிடிஎஸ் 456-க்கு. பிரேசிலில் பிகோ தோஸ் தியாஸ் ஆய்வில் பிடிபட்டு 1997-ல் வெளியான குவாசர், செந்நகர்வு 0.184. ரேடியோ ஜெட் வலுவில்லாதது. மொத்த ஒளிர்வு நொடிக்கு 10-ன் 47-ஆம் அடுக்கு எர்க் என்ற அளவு. சுமார் 25 லட்சம் கோடி சூரியன் என்று வைத்துக்கொள்ளலாம். நம் அக்கம்பக்கத்தில் இவ்வளவு ஒளிர்வுள்ள ரேடியோ-அமைதிக் குவாசர் வேறில்லை. சிக்கல், பால்வீதித் தளத்துக்கு அருகே இருக்கிறது. இடையில் உள்ள தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 1.5 மேக்னிட்யூட்டை விழுங்குகிறது. தொலைப் புற ஊதாவுக்குப் போனால் அது நான்கு மேக்னிட்யூட் அளவுக்குப் பெருகிவிடும். நாற்பதில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேரும். தூசுத் திருத்தத்தில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் புற ஊதா ஒளிர்வு எங்கேயோ போய் நிற்கும். 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலான எக்ஸ் கதிருக்கு இதே தூசும் வாயுவும் பெரிய தடையில்லை.

அதன் சுவாரசியம் காற்றில் இருக்கிறது. கருந்துளையின் அருகிலிருந்து ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கும் மேலான வேகத்தில் வாயு வெளியே வீசப்படுகிறது. இப்படி அதிவேகக் காற்று வீசுகிறது என்று 2003-ல் எக்ஸ்எம்எம் பதிவிலிருந்து ரீவ்ஸ் குழுவினர் சொன்னார்கள். இரும்பு அணுவில் ஒரே ஒரு எலக்ட்ரான் மீதமிருக்கும் நிலையில் 6.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழ வேண்டிய உறிஞ்சுகோடு, குவாசரின் சட்டகத்தில் (அதாவது செந்நகர்வைத் திருத்திய பின்) 9-ஐ ஒட்டிப் போய் விழுந்திருக்கிறது. 2013, 2014-ல் எக்ஸ்எம்எம்-மும் நியூஸ்டார் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் விண்கலமும் சேர்ந்து பார்த்ததில் அந்தக் காற்று எல்லாத் திசையிலும் விரிந்து வீசுகிறது என்று தெரிந்தது. 2025-ல் எக்ஸ்ரிசம் குழு இன்னும் கூர்ந்து பார்த்து, அது சீரான காற்றே அல்ல, வெவ்வேறு வேகத்தில் பாயும் ஐந்து கட்டிகளாவது இருக்கின்றன என்றது.

இதே குவாசரின் புற ஊதாப் பதிவு இந்த ஒப்பீட்டுக்கே பாடம். ஹப்பிள் நிறமாலையில் அகலமான ஒரு பள்ளம் இருக்கிறது. குவாசரின் சட்டகத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 1137 ஆங்ஸ்ட்ராம். 2005-ல் அதை ஹைட்ரஜனின் லைமன்-ஆல்பா, அதாவது 1216-லிருந்து நகர்ந்து வந்தது என்று படித்தார்கள். அப்படியானால் வேகம் ஒளியின் 0.06, 0.07 மடங்கு. 2018-ல் ஹாமன் குழுவினர் அதே பள்ளத்தை மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனின் 1549 கோடு என்று படித்தார்கள். கணக்குப் போட்டால் வேகம் 0.30 மடங்கு. டேட்டா ஒன்று, படித்த விதம் இரண்டு, வேகம் நான்கைந்து மடங்கு வித்தியாசம். இரண்டாவது எண் எக்ஸ் கதிர் சொல்லும் வேகத்தோடு ஒட்டிப்போகிறது. நுணுக்கமாகப் பிரிக்கும் புற ஊதாவால் தனியாகத் தீர்க்க முடியாத வழக்கில், மொண்ணையான எக்ஸ் கதிர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வாசிப்பையும் கையால் கணக்கிட்டு ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதினாலே எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

இனித் தொலைநோக்கிகள். குவாசர் நிலையாக எரியும் விளக்கல்ல. பிடிஎஸ் 456-ன் எக்ஸ் கதிர் சில நாட்களிலேயே நன்றாக ஏறி இறங்கும். எனவே ஒரு வருஷத்துப் புற ஊதா எண்ணையும் பத்து வருஷம் கழித்த எக்ஸ் கதிர் எண்ணையும் சேர்த்து ஆல்பா-ஓஎக்ஸ் போட்டால் விடை வரும், அர்த்தம் இருக்காது. ஒரே சமயத்தில் இரண்டையும் பார்த்த கருவி வேண்டும். அப்படி மூன்று இருக்கின்றன.

எக்ஸ்எம்எம்-நியூட்டன் 1999 டிசம்பரில் ஏவியது. மூன்று எக்ஸ் கதிர்க் கேமராக்களோடு 30 செ.மீ. ஒளியியல்-புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றும் கூடவே அதே திசையைப் பார்க்கிறது. எக்ஸ் கதிருக்கென்று டவுன்லோடு செய்பவர்கள் அந்தச் சின்னத் தொலைநோக்கியின் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது எப்போதும் ஆச்சரியம். சுற்றுப்பாதை 48 மணி நேரம் என்பதால் ஒரு நாளுக்கு மேல்கூட இடைவிடாமல் பார்க்கும். மூலப் பதிவு பெரியது. அதைப் பதப்படுத்த லினக்ஸில் தனி மென்பொருள், அளவுதிருத்தக் கோப்புகள் எல்லாம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் அது நடக்கிற காரியமா என்றால், கஷ்டம்தான். ஆனால் பிரகாசமான மூலங்களுக்கு விண்வெளி நிறுவனமே பிரித்தெடுத்து வைத்த நிறமாலைக் கோப்புகள் தயாராகக் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் இறக்கி, நிறமாலைக்கு மாடல் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் போடலாம்.

ஸ்விஃப்ட் விண்கலம் 2004 நவம்பரில் போனது. இதிலும் எக்ஸ் கதிரும் 30 செ.மீ. புற ஊதாவும் ஜோடி. ஒவ்வொரு முறையும் குறைந்த நேரமே பார்ப்பதால் போட்டான் நூற்றுக்கணக்கில்தான் தேறும். நூறு போட்டான் என்றால் பிழை பத்து சதவீதம், பத்தாயிரம் என்றால் ஒரு சதவீதம். நுணுக்கமான உறிஞ்சுகோட்டை இதில் தேடாதீர்கள். மாதக்கணக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க ஸ்விஃப்ட் அருமை. லெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்தில் பெயரைக் கொடுத்தால் நிறமாலையும் ஒளிவளைவும் பிரௌசரிலேயே செய்து தந்துவிடுவார்கள். லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் இதுதான் வழி.

மூன்றாவது நம் அஸ்ட்ரோசாட் விண்கலம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ஏற்றிச் சென்றது. அதன் யூவிட் என்ற புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் முன்னின்றது பெங்களூரு கோரமங்கலாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். 38 செ.மீ. கண்ணாடிகள் இரண்டு, 1.5 ஆர்க்செகண்ட் அளவு கூர்மை. மேலே சொன்ன இரண்டின் புற ஊதாக் கருவிகளும் எட்டாத தொலைப் புற ஊதாவை இது பார்க்கும். ஆனால் அருகு புற ஊதா வழி 2018-ல் செயலிழந்துவிட்டது. எக்ஸ் கதிர்ப் பக்கம் எஸ்எக்ஸ்டி என்ற தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஒளிசேர் பரப்பு எக்ஸ்எம்எம்-மின் பிஎன்னில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொலிவான 3சி 273-க்குப் போதும், மங்கலான குவாசருக்குப் போதாது. நம் நாட்டுக் கருவி என்ற பாசத்தில் எடுத்துவிட்டு, போட்டான் போதாமல் கடைசி மாதம் தவிக்க வேண்டாம். யூவிட் படங்களைப் பதப்படுத்த விண்டோஸிலேயே ஓடும் சிசிடிலேப் மென்பொருள் உண்டு என்பதும், கேள்வி கேட்கப் புனேயிலுள்ள அயூக்கா வானியல் மையத்தில் உதவிப் பிரிவு உண்டு என்பதும் இதன் பலம்.

ஹப்பிளில் எக்ஸ் கதிர் கிடையாது. ஆனால் வேலை செய்யும் வசதியில் அதுதான் முதல். பதப்படுத்தி முடித்த நிறமாலை சில மெகாபைட். அலைநீளம், ஒளிர்வு, பிழை என்று நேராக அட்டவணையாக இருக்கும். பைத்தான் தெரிந்தால் அன்று சாயங்காலமே முதல் வரைபடம் போட்டுவிடலாம்.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. செந்நகர்வு 2 உள்ள குவாசரை எடுத்தால் அதன் 1549 ஆங்ஸ்ட்ராம் கார்பன் கோடு 4647-க்கு நகர்ந்து, சாதாரண நீல ஒளியாகத் தரைக்கே வந்துவிடும். தரைத் தொலைநோக்கியால் வானை அளக்கும் ஸ்லோன் ஆய்வு இப்படி ஏழரை லட்சம் குவாசர்களின் பட்டியலை நிறமாலையோடு வெளியிட்டிருக்கிறது. எக்ஸ்எம்எம் பட்டியலோடு பொருத்தி, நூற்றுக்கணக்கான குவாசர்களுக்கு ஆல்பா-ஓஎக்ஸ் போட்டு அந்த 0.6 சாய்வு உங்களுக்கும் வருகிறதா என்று பார்க்கலாம். ஒரே நேரத்தில் பார்த்தவை அல்ல, ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் ஏற்ற இறக்கம் சராசரியில் அடங்கிவிடும். கணினியில் பிரியமும் ஒற்றைப் பொருளில் பொறுமையின்மையும் உள்ளவர்களுக்கு இதைச் சொல்வேன்.

மற்றவர்களுக்கு என் தேர்வு: பிடிஎஸ் 456, எக்ஸ்எம்எம்-மின் ஒரே ஒரு நீண்ட பதிவு, எக்ஸ் கதிர் நிறமாலை முதன்மை, அதே பதிவின் புற ஊதா எண்கள் துணை. முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் எக்ஸ்ஸ்பெக் பழக்கம் பின்னாலும் உதவும். பி.எட்.டுக்கோ போட்டித் தேர்வுக்கோ தயாராகிக்கொண்டே புராஜெக்டை முடிக்க வேண்டியவர்கள் தயங்காமல் ஹப்பிள் நிறமாலையை எடுத்து, 3சி 273-ன் கோடுகளை அளந்து முடித்துவிடுங்கள். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

தலைப்பைத் துறையில் கொடுப்பதற்கு முன்னால், தேர்ந்தெடுத்த பதிவில் புற ஊதா வடிகட்டி உண்மையிலேயே போடப்பட்டிருந்ததா என்று பாருங்கள். சில பதிவுகளில் அந்தச் சின்னத் தொலைநோக்கி மூடியிருக்கும், அல்லது கண்ணுறு ஒளி வடிகட்டியோடு ஓடியிருக்கும். புரோட்டான் புயல் அடித்த நேரத்தைக் கழித்தபின் எத்தனை ஆயிரம் நொடி சுத்தமாக மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் சில நூறு போட்டான்கூட இல்லையென்றால் காற்றைத் தேடாமல், சாய்வையும் ஆல்பா-ஓஎக்ஸையும் மட்டும் அளப்பதாகத் தலைப்பை மாற்றிக் கொடுங்கள்.